நீலகிரி மலை ரயில்: மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள், குன்னூரில் இறங்கினாலும் பரவாயில்லை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நீலகிரி மலை ரயிலில் போக நினைக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் காலையில் மலை அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள். மேலே இருக்கும் ஊட்டியிலிருந்து நடுவழியில் வரும் குன்னூர் வரை ஒரு மணி நேரம் போய், நாலு படம் எடுத்துக்கொண்டு, "டாய் டிரெயின் பார்த்தாச்சு" என்று திரும்பி வருவதை என் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். அது நல்ல பயணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ரயில் எதனால் பேர் வாங்கியதோ அது குன்னூருக்குக் கீழேதான் இருக்கிறது.

நானும் என் கணவரும் மட்டும் போனோம். மகன் தேசிய சேவையில், மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில், இரண்டு பேரும் எங்களோடு வர ஆர்வம் காட்டவில்லை, நாங்களும் ரொம்ப வற்புறுத்தவில்லை. சீனப் புத்தாண்டு விடுமுறையோடு கொஞ்சம் விடுப்பைச் சேர்த்துக்கொண்டோம். இவர் ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருப்பவர், எஞ்சின் என்றால் சோறு தண்ணி வேண்டாம். எனக்குக் குளிர், தேநீர், ஜன்னல் ஓரம், இது மூன்றும் போதும். ஆக ஒரே ரயிலில் இரண்டு பேர் இரண்டு வேறு காரணத்துக்காக ஏறினோம், அதனால் இந்த விமர்சனத்தில் இரண்டு பேருடைய கருத்தும் கலந்திருக்கும்.

முதலில் ஒரு பயண முகவரிடம் விசாரித்தோம். பெயர் வேண்டாம். "மலை ரயில் பயணம் உண்டு" என்று திட்டத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள், எங்கிருந்து எங்கே என்று மட்டும் போடவில்லை. இவர் கேட்டார், "மேட்டுப்பாளையத்திலிருந்தா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை என்று தெரிந்தது, காரில் மேலே கொண்டுபோய், ரயிலில் ஒரு சுற்று, மறுபடி கார். அதற்கு அவர்கள் கேட்ட கூடுதல் கட்டணத்தைப் பார்த்தால், ரயில் டிக்கெட் முதல் வகுப்பே ஆயிரம் ரூபாய்க்குள் அடங்குகிறது என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். நன்றி சொல்லிவிட்டு நாங்களே ஏற்பாடு செய்துகொண்டோம். நீங்கள் முகவர் மூலம் போனாலும் பரவாயில்லை, இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்.

டிக்கெட்தான் கஷ்டமான பகுதி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வழக்கமான ரயில் ஒரு நாளைக்கு ஒன்றுதான், காலை 7.10க்குக் கிளம்பும். பெட்டிகள் மூன்றோ நாலோதான் இருக்கும், மலை ஏறும் நீராவி எஞ்சினால் அதற்கு மேல் தள்ள முடியாது. முன்பதிவு திறந்ததும் இடங்கள் போய்விடும், பிறகு பார்த்தால் காத்திருப்போர் பட்டியல்தான். கோயம்புத்தூரில் என் சித்தி மகன் இருக்கிறான், அவன் எடுத்துக் கொடுத்தான். ஊரில் சொந்தக்காரர் இருந்தால் இந்த மாதிரி விஷயத்துக்குக் கூச்சப்படாமல் கேளுங்கள், வரும்போது மைலோவும் தைலமும் வாங்கிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

ஸ்கூட் கோயம்புத்தூருக்கு நேராகப் பறக்கிறது, அங்கிருந்து மேட்டுப்பாளையம் காரில் ஒரு மணி நேரத்தை ஒட்டி. காலை ரயில் என்பதால் முதல் நாள் இரவு மேட்டுப்பாளையத்திலேயே தங்குவது நல்லது. சென்னையில் இருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி விடிகாலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும், இறங்கி அடுத்த நடைமேடைக்கு நடந்தால் மலை ரயில் நிற்கும். அந்த நேரத்தில் பெட்டியும் கையுமாக ஓடுகிற கூட்டத்தைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

நிலையத்துப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பார்கள் இல்லையா, மேட்டுப்பாளையம் சுமார் 326 மீட்டர். நம் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர். அதாவது அடிவாரம் என்று சொல்கிற இடமே நம்முடைய மிக உயரமான இடத்தைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து ஊட்டி 2,203 மீட்டர், தூரமோ 46 கிலோமீட்டர்தான். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் என்ன என்று புரிய இந்த இரண்டு எண்ணே போதும்.

இவருக்குத் தண்டவாளத்தைப் பார்த்ததுமே ஒரு சந்தோஷம். தஞ்சோங் பகாருக்கு வந்துகொண்டிருந்த மலாயா ரயிலும் இதே ஒரு மீட்டர் அகலப் பாதைதான். 2011 ஜூன் 30ஆம் தேதி அந்த நிலையத்தை மூடியபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவர் இவர். இப்போது அந்தப் பாதையில் தண்டவாளம் இல்லை, நாம் நடக்கிறோம், சைக்கிள் ஓட்டுகிறோம். "இதே அகலம்மா, இதே அகலம்" என்று என்னிடம் காட்டினார். சரி என்றேன்.

இனி முக்கியமான விஷயம். நீலமும் பால் நிறமும் பூசிய பெட்டிகள், அதற்குப் பின்னால் எஞ்சின். முன்னால் இல்லை, பின்னால். மேலே போகும்போது எஞ்சின் ரயிலை இழுக்காது, கீழே இருந்து தள்ளிக்கொண்டே போகும். அப்படியானால் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாதே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் ஒரு சின்ன மேடை, அதில் ஒரு பிரேக்ஸ்மேன். கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். முன்னால் நிற்பவர் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பின்னால் கடத்த, கடைசியில் ஓட்டுநருக்குச் செய்தி போய்ச் சேர்கிறது. எஞ்சின் ஊதலில் பதில் வருகிறது. நூறு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான்.

மேட்டுப்பாளையத்தை விட்டதும் பவானி ஆற்றுப் பாலம், அப்புறம் கொஞ்ச தூரம் பாக்குத் தோப்பு, சாதாரண ரயில் மாதிரியே போகும். கல்லாறு வந்ததும் வேகம் குறையும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் தொடங்கும், எஞ்சினின் அடியில் இருக்கும் பற்சக்கரம் அதில் போய்ப் பொருந்தும். அந்த இடத்தில் ஒரு சின்னக் குலுக்கலும் கடகடவென்று ஒரு சத்தமும் கேட்கும். அங்கிருந்து குன்னூர் வரை, ஏறக்குறைய 20 கிலோமீட்டர், எஞ்சின் பல்லால் கடித்து ஏறுகிறது. 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம், அவ்வளவு செங்குத்து. வழவழப்பான சக்கரமும் வழவழப்பான தண்டவாளமும் மட்டும் இருந்தால் அங்கே வழுக்கிவிடும். இந்த முறைக்கு அப்ட் முறை என்று பெயர், ரோமான் அப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் உருவாக்கியது. நடுவில் இருப்பது ஒரு சட்டம் இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி வரும்படி தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல் பிடியிலேயே இருக்கும்.

இவரிடம் இதைக் கேட்டதுதான் தாமதம், நிறுத்த முடியவில்லை. எக்ஸ் வகுப்பு என்று சொல்லும் இந்த எஞ்சின்களில் நாலு சிலிண்டர். கொதிகலனில் இருந்து வரும் உயர் அழுத்த நீராவி முதலில் இரண்டு சிலிண்டரில் போய் வழக்கமான சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே வேலை முடித்து அழுத்தம் குறைந்த நீராவியை வீணாக வெளியே விடாமல், மற்ற இரண்டு சிலிண்டருக்கு அனுப்பிப் பற்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். ஒரே நீராவியில் இரண்டு வேலை. சமதரையில் பற்சக்கரத்துக்கு வேலை கிடையாது. சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்த எஞ்சின்கள் பல, பிற்பாடு திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்யவும் தொடங்கிவிட்டார்கள். முன்பு நிலக்கரி, இப்போது பெரும்பாலும் எண்ணெய் எரிக்கிறார்கள், அதனால் கண்ணில் கரித்தூள் விழும் என்ற பழைய பயம் வேண்டாம். எண்ணெய் வாசனை வரும். எனக்குத் தலை வலிக்கவில்லை, எனக்கு எதிரில் இருந்த அம்மாவுக்கு வலித்தது.

வேகம் பற்றி ஏமாறாதீர்கள். பல் பாதையில் அதிகபட்சமே மணிக்கு 13 கிலோமீட்டர். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாடகைச் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளை இதை முந்திவிடும். ஊட்டி போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இதையே காரில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடலாம். போய்ச் சேருவதற்காக ஏறுபவர்களுக்கு இந்த ரயில் சரிப்படாது.

ஆனால் அந்த மெதுவில்தான் எல்லாம் தெரிகிறது. மொத்தப் பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் என்று கணக்கு. குகைக்குள் போகும்போதெல்லாம் பெட்டி முழுக்கக் கூச்சல், சின்னப் பிள்ளைகள் தொடங்கி வைக்க, வேட்டி கட்டிய தாத்தாவரை சேர்ந்து கத்தினார்கள். நாங்களும்தான். நம் எம்ஆர்டியில் இப்படிக் கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே கத்தினேன். வளைவுகளில் தலையை நீட்டிப் பார்த்தால் பின்னால் எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு தள்ளுவது தெரியும், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லாத பள்ளம், மரத்தின் உச்சிகள் நம் கண்ணுக்குக் கீழே. சில பாலங்களில் கைப்பிடிச் சுவர் மாதிரி எதுவும் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே நேராகக் காற்றுதான்.

ஹில்குரோவில் ரயில் நின்று எஞ்சின் தண்ணீர் குடிக்கும். தேநீர், வடை கிடைக்கும். குரங்குகளும் கிடைக்கும், கேட்காமலேயே. ஒரு இளம் ஜோடி கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு படம் எடுக்க நின்றது, பொட்டலம் ஒரு நொடியில் தண்ணீர்த் தொட்டிமேல் போய்விட்டது. இவர் எஞ்சின் பக்கம் போய் நின்றுவிட்டார், எண்ணெய்க் கேனோடு அடியில் குனிந்து கொண்டிருந்த ஊழியரிடம் ஏதோ கேட்டுக்கொண்டே. கார்டு ஊதல் ஊதியாயிற்று, நான் வாசலில் நின்று, "என்னங்க, ஏறுங்க, விட்டுட்டுப் போயிடப் போறான்" என்று கூப்பிட, "வரேம்மா, இதோ ஒரு நிமிஷம்" என்று அங்கிருந்தே பதில். அந்த ஊழியர்தான் "சார், போங்க சார், நான் எங்கேயும் போயிட மாட்டேன்" என்று அனுப்பி வைத்தார். சத்தத்தைக் கேட்பதென்றால் இந்த மாதிரி நிறுத்தத்தில் கிளம்பும்போது கேளுங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றோடொன்று சேராமல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தாளத்துக்கு வரும். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இனி, ஜோடியாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி. தேனிலவுக்கு ஏற்றதா? தனிமை எதிர்பார்த்தால் இல்லை. இரண்டாம் வகுப்பில் எதிரெதிர் பெஞ்சு, முழங்காலுக்கு முழங்கால், ஐந்து மணி நேரம் முன்பின் தெரியாத குடும்பத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். நாங்கள் எடுத்தது முதல் வகுப்பு, இருக்கை மெத்தென்று இருந்தது, நாங்கள் போனபோது அது மேலே ஏறும் பக்கத்தில் முன்னாலேயே இருந்ததால் பாதை நன்றாகத் தெரிந்தது. ஆனால் அங்கேயும் தோளோடு தோள்தான். ஜன்னல் ஓரம் நம் கையில் இல்லை, கிடைத்த எண்தான். எனக்கு நடு இருக்கை விழுந்தது, இவருக்கு ஜன்னல். பாதி வழியில் மாற்றிக்கொள்வோம் என்று பேச்சு. பாதி வழி எங்கே என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று சொல்லலாம்: கைப்பேசிக்கு அடிக்கடி சிக்னல் போய்விடும், அதனால் வீட்டுக் கடன், பிள்ளைகளின் தேர்வு என்று வழக்கமாகப் பேசுவதெல்லாம் தீர்ந்தபிறகு வேறு ஏதாவது பேசியாக வேண்டியிருக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவருக்குச் சின்ன வயதில் ரயில் ஓட்டுநராக ஆசை இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. நிறுத்தங்களில்தான். மூட்டுவலி, சர்க்கரை உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய சூட்கேஸ் வைக்கவும் இடம் போதாது, ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் தோள்பையில் எடுத்துக்கொண்டு மற்றதைக் கார் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினோம், அவர் எங்களுக்கு முன்னால் போய்க் காத்திருந்தார். காரை மேலே கொண்டுபோக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் என்ற இணைய அனுமதிச்சீட்டு வேண்டும், ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி எடுத்துவிடச் சொல்லுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். பல் பாதை அதற்கு முன்பே முடிந்துவிடும். 1899ஆம் ஆண்டு ரயில் முதலில் வந்து நின்றதும் இங்கேதான், ஊட்டிவரை நீட்ட 1908 ஆயிற்று. இந்தப் பாதையைப் போடலாம் என்று யோசனை வந்தது 1854இல், வேலை தொடங்கியதோ 1891இல். அவ்வளவு காலம் இழுத்தது ஏன் என்பது கீழே இருந்து ஏறி வந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில், ஏற்கனவே இடம்பிடித்திருந்த டார்ஜிலிங் ரயிலோடு இதையும் சேர்த்தது.

குன்னூரில் இருந்து மேலே 19 கிலோமீட்டர். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. இதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எனக்குக் கேத்திப் பள்ளத்தாக்கு பிடித்தது, படிப்படியாகக் காய்கறித் தோட்டம், இடையில் வண்ண வண்ணமாகப் படகர் இன மக்களின் ஊர்கள், காற்றும் நன்றாகக் குளிர்ந்துவிட்டிருந்தது. இவர் வெலிங்டன் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். "டீசல் எஞ்சின் பார்க்க இங்கே வரணுமா, துவாஸுக்கே போகலாமே" என்றார் எழுந்ததும். நேரம் குறைவாக இருப்பவர்கள் குன்னூரிலேயே இறங்கிவிடலாம் என்று நான் சொல்வது இவர் பேச்சைக் கேட்டு இல்லை. ஊட்டி அளவுக்குக் கூட்டம் இல்லை, 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, சூடான தேநீரோடு வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் கிடைக்கும். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாப்பிடும்போது மேலெல்லாம் உதிரும், கவலைப்படாமல் சாப்பிடுங்கள்.

பினாங்கு மலை ரயிலில் போயிருக்கிறோமே, இதுவும் அதுதானே என்று தோழி ஒருத்தி கேட்டாள். அது வடம் கட்டி மேலே இழுக்கும் வகை, சில நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடலாம், உள்ளே குளிர்சாதனம் வேறு. இது தன் சொந்த பலத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு, வழியில் தண்ணீர் கேட்டுக் கேட்டு ஏறுகிறது. இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

எப்போது போவது என்பதில்தான் நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்கு நீண்ட பள்ளி விடுமுறை நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முழுக்க. அங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாறையும் மண்ணும் மரமும் பாதையில் விழுந்து, ரயிலை நாள்கணக்கில் ரத்து செய்வது கிட்டத்தட்ட ஆண்டுதோறும் நடப்பது. மேலே குன்னூர், ஊட்டிப் பகுதி மட்டும் ஓடும், அதாவது நான் தொடக்கத்தில் வேண்டாம் என்று சொன்ன அந்தத் துண்டு. டிசம்பரில்தான் முடியும் என்றால் மாற்றுத் திட்டம் ஒன்றை வைத்துக்கொண்டே போங்கள். ஏப்ரல், மே மாதங்கள் ஊட்டி சீசன், டிக்கெட்டும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. சீனப் புத்தாண்டை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரிதான் எங்களுக்கு வசதியாக இருந்தது, மழை இல்லை, வானம் தெளிவு. குளிர் கடுமை. நம் ஊர் அலுவலகக் குளிர்சாதனத்துக்கு வாங்கிய மெல்லிய மேலங்கி ஊட்டியில் ஒன்றுக்கும் உதவவில்லை.

திரும்பும் ரயில் மதியம் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பும், மூன்றரை மணி நேரத்தில் இறக்கிவிடும். ஒருவழிக்குத்தான் டிக்கெட் கிடைக்கும் என்றால் ஏறும் வழியை எடுங்கள். இறங்கும்போது எஞ்சினுக்குத் தள்ளுகிற வேலை இல்லை, முழுக்க பிரேக் பிடிக்கிற வேலைதான், அந்தச் சத்தமும் புகையும் இருக்காது. நாங்கள் கோத்தகிரி வழியாகக் காரில் இறங்கினோம், அந்தச் சாலையும் அழகு. கூட வரும் மாமியாருக்கு முட்டி வலி என்றால் பிடிவாதமாக ரயிலில் ஏற்றாதீர்கள். அவரையும் பெட்டிகளையும் பர்லியார் சாலையில் காரில் அனுப்பிவிட்டு, குன்னூர் நிலையத்தில் போய்ச் சந்தித்துக்கொள்ளுங்கள், எப்படியும் அவர்தான் முதலில் வந்து சேர்ந்திருப்பார்.